ஒத்தக்காது மாமன்

மஞ்சக்குட்டை ஜீப் ஸ்டாண்டில் போய்க் காளியண்ணன் எங்கே என்று கேட்டால், எந்தக் காளியண்ணன் என்று எதிர்க்கேள்விதான் வரும். அந்தப் பேரில் இந்த ஏற்காட்டு மலையில் ஆள் அதிகம். ‘ஒத்தக்காது மாமன்’ என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடைக்காரர் முதல் பூக்காரி வரைக்கும் கையை நீட்டிக் காட்டுவார்கள். ஆளைப் பார்த்தால் காது இரண்டும் விடைத்துக்கொண்டு நன்றாகவே இருக்கும். கோபம் வந்தால் முதலில் சிவப்பது அதுகள்தான். அந்தப் பட்டப்பேரை அவன் காதுபடச் சொன்னவர்கள் அவன் ஜீப்பில் ஏற முடியாது. மழையானாலும் நடந்துதான் ஊடு போய்ச் சேர வேண்டும்.

கோபம் அவனாகச் சம்பாதித்தது அல்ல, வழிவழியாக இறங்கி வந்தது. அவன் தாத்தன் ராசிபுரத்துப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறி வந்து எஸ்டேட்டில் சேர்ந்தவர். ஒரு நாள் வேலைக்குக் கூப்பிடுகிற மணியை விடிவதற்கு முன்னாலேயே அடித்துவிட்டார்கள் என்று, அந்த மணியையே கழற்றிக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டவர் அவர். அவருக்கு இரண்டு மகன்கள். இளையவரின் பிள்ளை பெரியண்ணன். அந்த வழிக்குக் கோபம் போகவில்லை. பெரியண்ணன் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம். மூத்தவரின் பிள்ளைகள் காளியண்ணனும் அவன் தங்கை கனகாவும். தாத்தனின் கோபம் முழுசும் இந்த இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதியாக வந்து சேர்ந்தது. பங்கு கூடக் குறைச்சல் இல்லை.

கனகாவைத் தலைச்சோலைப் பக்கத்தில் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ஒரு ரைட்டருக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பேர் தங்கராஜ். கல்யாணம் முடிந்த மறு வருசமே தாய் கிருஷ்ணம்மாள் கண்ணை மூடிவிட்டாள். கனகாவுக்கு நொம்ப வருசம் வயிறு திறக்கவில்லை. போகாத கோயில் இல்லை. கடைசியில் திறந்தபோது வளைகாப்பு வைத்தார்கள். தாய் இல்லாத பெண்ணுக்குத் தாய்வீடு என்றால் அண்ணன்தானே. அந்த அண்ணன் அன்றைக்கு, போகிற வழிதானே என்று நாலு ஆளைக் காசுக்கு ஜீப்பில் ஏற்றி ஊர் ஊராக இறக்கிவிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அவன் போனபோது எல்லாரும் வளையல் போட்டு முடித்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கராஜ் பந்திக்கு நடுவில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

“மச்சானுக்கு டிக்கெட் ஏத்துனது போக மிச்ச நேரந்தானுங்க நம்ம ஊட்டுக்கு.”

காளியண்ணன் வளையல் தட்டைத் தங்கையின் காலடியில் வைத்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பினான். அதோடு சரி. குழந்தை பிறந்ததற்கும் போகவில்லை, பேர் வைத்ததற்கும் போகவில்லை. பெண் குழந்தை. பள்ளிக்கூடத்துக்கு என்று நாகரிகமாக ஒரு பேர் வைத்திருந்தாலும், ஊட்டில் செத்துப்போன தாயின் பேரையே கிச்சம்மா என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள் என்று அவன் காதுக்கு வந்தது. ஏற்காட்டுக் கடைவீதியில் தங்கராஜின் தோளில் அந்தக் குழந்தை போவதை ஜீப்புக்குள்ளிருந்து இரண்டொரு தரம் பார்த்திருக்கிறான். பார்த்த அன்றைக்கெல்லாம் கியர் மாற்றுகிற சத்தமே வேறு மாதிரி இருக்கும் என்பாள் அவன் மனைவி ராசம்மாள்.

மூன்றாவது வயசில் குழந்தைக்கு மாரியம்மன் கோயிலில் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதில் மாற்றுப் பேச்சுக்கு இடமில்லை. கனகா அண்ணனின் ஊட்டுக்கு வரவில்லை. நேராக ஜீப் ஸ்டாண்டுக்கு வந்து, ஆள் நிறைந்து கிளம்பப்போன வண்டிக்கு முன்னால் நின்று, வெற்றிலைத் தட்டை நீட்டினாள்.

“வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குதுங்ணா. அதுக்கு முந்தி உங்க மடி எனக்கு வேணும். இந்தத் தடவையும் பிந்துனீங்கன்னா, வழியில என்ன ஆச்சுன்னு நான் கேக்க மாட்டேன். எங்கண்ணனுக்கு மனசு இல்லைன்னு எடுத்துக்குவேன்.”

தட்டை வாங்கினான். அன்று மாலையே ராசம்மாளைக் கூட்டிக்கொண்டு சேலம் இறங்கிப் போய்த் தோடு எடுத்தான்.

மே மாசம். மலர்க் கண்காட்சி நேரம். கீழே வெயில் கொளுத்துகிறது என்று சனம் முழுக்க மலைக்கு ஏறுகிற காலம். அதனால் அந்த வெள்ளிக்கிழமை விடியும்போதே கிளம்பிவிட்டான். ஜீப்பில் அவனும் ராசம்மாளும் மட்டும்தான். வழியில் கை காட்டியவர்களை, தெரிந்த முகங்களைக்கூட, ஏற்றவில்லை. பின் சீட்டில் வரிசைத் தட்டுகள்: பட்டுப் பாவாடை, மாலை, தேங்காய், பழம், வளையல், சர்க்கரை. தோட்டுப் பெட்டி அவன் சட்டைப்பையில் இருந்தது. கடைவீதியில் கார்கள் மூக்கும் வாலுமாக ஒட்டிக்கொண்டு நின்றதில் கொஞ்ச நேரம் போனது. ஆனாலும் தலைச்சோலை ரோட்டில் திரும்பும்போது பத்தரைக்கு வேண்டிய மட்டும் பொழுது கிடந்தது.

அந்த ரோடு ஒரு வண்டிக்கான ரோடு. எதிரில் இன்னொன்று வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விடுவது இங்கே வழக்கம். பலாமரத்து வளைவில் ஏறும்போது மேலேயிருந்து ஒரு வெள்ளைக் கார் இறங்கியது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிக்கொண்டு வருகிறவர்களின் கார். அந்தப் பலகையைக் கண்டாலே மலை டிரைவர்கள் ஒரு கியர் குறைத்துக்கொள்வார்கள். காளியண்ணன் ஹாரன் அடித்தான். கார்க்காரன் ஜீப்பைப் பார்த்துவிட்டான். பார்த்தவன், தன் பக்கம் இடம் கிடக்க, ஸ்டீயரிங்கை ஒடித்து நேரே ஜீப்பின் பக்கமாக வந்தான். காளியண்ணன் இடதுபுறம் ஒடித்தான். ஜீப்பின் முன்சக்கரம் ரோட்டோர வாய்க்காலில் இறங்கி, கல்லில் இடித்து நின்றது. கார் ரோட்டுக்குக் குறுக்கே போய் மண்மேட்டில் மூக்கைச் செருகிக்கொண்டது. தேங்காய் தட்டைவிட்டு எகிறி, காப்பிச் செடிகளுக்குள் உருண்டு போயே போய்விட்டது.

யாருக்கும் அடியில்லை. அதனால் கோபப்பட நல்ல வசதியாயிற்று. காளியண்ணன் இறங்கிப் போய்க் காரின் கதவை இழுத்தான். உள்ளே நடுவயசு ஆள், வேர்த்து விறுவிறுத்து, ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ரோடு உங்கொப்பன் ஊட்டு வாசலா என்பதில் தொடங்கிய காளியண்ணன், கார்க்காரனின் பாட்டன் பூட்டன் வரைக்கும் போனான். இந்த மலையில் யார் வம்ச வழியையும் ஒன்றுவிடாமல் சொல்லக்கூடியவன், தெரியாத வம்சத்தையும் விட்டு வைக்கவில்லை. அந்த ஆள் கை கூப்பினான்.

“அண்ணை, என்ர பிழைதான். மன்னிக்கோணும். நாங்கள் ஜெர்மனியில வலப்பக்கந்தான். பயத்தில கை தன்ர பாட்டில வலப்பக்கம் போயிட்டுது.”

அவன் பேர் குகநேசன். ஊர் யாழ்ப்பாணம். சின்ன வயசில் ஜெர்மனிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவன். மனைவி அந்த ஊர்க்காரி. தமிழ் ஊரைக் காட்டுகிறேன் என்று கூட்டி வந்து, சென்னையில் கார் எடுத்து, கையிலிருந்த போன் காட்டிய வழியெல்லாம் திரும்பி, கடைசியில் பலாமரத்து வளைவுக்கு வந்து சேர்ந்திருந்தான். “இந்த வீதியில இனி என்னால ஓடேலாது அண்ணை” என்றான்.

காளியண்ணன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

“ஓட விட்டாத்தானடா ஓடுவ? எங்க ஓடறேன்னு நானும் பாக்கறேன்.”

அவர்கள் பேச்சில் கார் ஓடுவது என்றால் ஓட்டுவது. அது விளங்குவதற்குள் சட்டைப் பொத்தான் ஒன்று போய்விட்டது. ராசம்மாள்தான் நடுவில் வந்து விலக்கினாள்.

போனில் டவர் இல்லை. அந்த வளைவில் எப்போதும் இருப்பதில்லை. ராசம்மாள் சூரியனைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். தோட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் நடங்கள், காப்பித் தோட்டத்துக்குள் குறுக்கே ஏறினால் நேரத்துக்குப் போய்விடலாம், தட்டைப் பிறகு நான் கொண்டு வருகிறேன் என்றாள். நல்ல யோசனைதான். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வரிசைத் தட்டு இல்லாமல், சேற்றுக் காலோடு, கூலிக்குப் போகிறவன் மாதிரி போய்த் தங்கராஜ் முன்னால் நிற்பதா என்று அவளிடம் எரிந்து விழுந்தான். தள்ளு என்றான், தூக்கு என்றான், குகநேசனையும் சேர்த்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினான். ஜீப் அசையவில்லை. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு வசவு. வசவெல்லாம் குகநேசனுக்கு. அந்த மனுசன் ஒவ்வொன்றுக்கும் “ஓம் அண்ணை” என்று ஆமாம் போட்டான். அது வேறு காளியண்ணனுக்கு எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது என்ன சண்டை.

களை வெட்டப் போன ஆட்கள் நாலைந்து பேர் அந்த வழியாக வந்தார்கள். சவுக்குக் கழியைக் கொடுத்துக் காரை நெம்பி ரோட்டில் விட்டார்கள். ஜீப்பையும் தூக்கினார்கள். ஆனால் முன்சக்கரம் இரண்டும் ஒன்று கிழக்கும் ஒன்று மேற்குமாகப் பார்த்தன. கல்லில் இடித்ததில் உள்ளே கம்பி வளைந்துவிட்டது. இனி மெக்கானிக் வந்துதான் ஆக வேண்டும்.

மிச்சமிருந்தது அந்த வெள்ளைக் கார்தான். குகநேசன் சாவியை நீட்டி, “ஆர் ஓடுறது அண்ணை, நீங்களோ நானோ?” என்றான். காளியண்ணன் சாவியைப் பிடுங்கினான். தட்டுகளை ஏற்றி, ராசம்மாளை அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, வண்டியை எடுத்தான். வாலிப வயசு முதல் இந்த மலையில் வண்டி ஓட்டுகிற கால். பழக்கப்படி இடது கால் கிளச்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அந்தக் காரில் கிளச்சே கிடையாது. கால் விழுந்தது பிரேக்கில். பின்னால் இருந்தவர்களின் நெற்றி முன் சீட்டில் இடித்தது. மறுபடி எடுத்தான், மறுபடி மிதித்தான். வெள்ளைக்காரப் பெண் அவள் பாஷையில் என்னமோ கத்தினாள்.

“இதுல இருந்த கிளச்ச எவன்டா திருடுனான்?”

ராசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று தெரிந்தது. காளியண்ணன் இறங்கினான், காரை ஒரு சுற்றுச் சுற்றினான், சாவியைக் குகநேசனின் கையில் அறைந்தான். ஓட்டத் தெரிந்தவனுக்கு வழி தெரியாது, வழி தெரிந்தவனுக்கு ஓட்டத் தெரியாது. இப்படியாக ஒருவன் ஸ்டீயரிங்கிலும் இன்னொருவன் பக்கத்திலுமாகக் கார் மலையேறியது. போகப்போகப் பக்கத்தில் இருந்தவனின் தொண்டை கிழிந்தது. “எடது. எடது. எடதுல போடா சாமி, எடது.” இடையிடையே, கோயிலுக்குப் போனதும் நடந்ததை நடந்தபடி எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், தப்பு உன்னுடையது என்று சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். குகநேசன் ஒத்துக்கொண்டான். அவன் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று முகத்திலேயே தெரிந்தது.

மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் கார் நின்றபோது குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டது. காளியண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். பெரியண்ணன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் கிச்சம்மா. இடது காதில் செப்புக் கம்பி, அதைச் சுற்றி மஞ்சள், ஒரு துளி ரத்தம்.

பெரியண்ணனும் கனகாவுக்குச் சித்தப்பன் மகன், அண்ணன் முறைதான். முறையில் குற்றமில்லை. பத்தரை நெருங்க நெருங்க, தங்கராஜ் வீட்டார் முறை தேடிப் பிடித்து அவனை உட்கார வைத்துவிட்டார்கள். காளியண்ணனைப் பார்த்ததும் பெரியண்ணன் மடியில் குழந்தையோடு எழுந்திருக்கவும் முடியாமல், உட்கார்ந்திருக்கவும் முடியாமல், தானே காதைக் கடித்துவிட்டவன் மாதிரி முழித்தான்.

தங்கராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். பரவாயில்லையே, இந்தத் தடவை கார் வைத்துக்கொண்டு வந்துவிட்டாரே மச்சான் என்றான். டிக்கெட் எங்கே ஏற்றியது, ஜெர்மனியிலா என்று வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துக் கேட்டான். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. காளியண்ணன் குகநேசனைப் பிடித்து முன்னால் தள்ளினான். சொல்லு என்றான். குகநேசன் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொன்னான்.

“அந்த வளைவில நான்தான் ஓடினனான். அண்ணை ஓடேல்லை. பிறகும் நான்தான் ஓடினனான். வழி முழுக்க நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டுதான் வந்தனாங்கள்.”

தங்கராஜ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

“கேட்டுக்கிட்டீங்களா? ஒருத்தர் ஓடுனாராம். ரெண்டு பேருமாச் சேந்து வழியெல்லாம் கதை கட்டிக்கிட்டு வந்தாங்களாம். கொண்டாந்த சாட்சியே சொல்லுதுங்க.”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. குகநேசனுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. ஓம், ஓம் என்று தலையை வேறு ஆட்டினான். அவர்கள் ஊரில் ஓடுவதென்றால் ஓட்டுவது, கதைப்பதென்றால் பேசுவது என்று காளியண்ணனுக்கு இப்போது தெரியும். ஆனால் தங்கராஜுக்குப் பாடம் நடத்தவா அவன் வந்தான். காது இரண்டும் பழுத்த மிளகாயாகிவிட்டது. தோட்டுப் பெட்டியை எடுத்து வரிசைத் தட்டின் மேல் வைத்தான். தட்டைக் கோயில் படியில் வைத்தான். வா போகலாம் என்று ராசம்மாளிடம் சொல்லிவிட்டுத் திரும்பினான். வளைகாப்பில் திரும்பியதைப் பார்த்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். அதே முதுகு, அதே நடை.

கனகா அவன் வழியை மறித்து நின்றாள். முகத்தில் கண்ணீர் இல்லை, கோபந்தான். தாத்தன் சொத்தில் அவள் பங்கு.

“எங்க போறீங்க? இன்னொரு காது இருக்குது.”

“மிச்சத்துக்கு நானா? நீயும் உங்க ஊட்டுக்காரனும் மிச்சத்தத் தவிர வேறெதும் எனக்குத் தர மாட்டீங்களா?”

“மிச்சமா? ஆசாரி ரெண்டையும் ஒண்ணாக் குத்திப்போடலாம்னாரு. எங்க மாமியா சொன்னாங்க, இவுரு சொன்னாரு, ஊரே சொல்லுச்சு. நாந்தான் ஊசிய மறிச்சுக்கிட்டு நின்னேன். ராகுகாலம் பொறந்தாப் பொறந்துட்டுப் போவுது, எம்புள்ள ஒத்தக் காதோட உக்காந்திருந்தாலும் இருக்கட்டும்னேன். உங்களுக்குன்னு நிறுத்தி வெச்சதுங்ணா அது. மிச்சம்னு தோணுனா தாராளமாப் போங்க.”

காளியண்ணன் ஆசாரியைப் பார்த்தான். ஆசாரி, ஆமாம் என்பதுபோல் ஊசியைத் தூக்கிக் காட்டி, இந்த அம்மாவோடு இன்னொரு தரம் மல்லுக்கட்ட என்னால் ஆகாது என்றார். கனகாவின் உள்ளங்கையில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. ஊசியை மறித்ததில் பட்டது.

அவன் போகவில்லை. ஆனால் கோபமும் போகவில்லை. ராகுகாலம் பிறந்துவிட்டது, இனிப் பன்னிரண்டு மணிக்குத்தான் ஊசியைத் தொடலாம். பந்தி போட முடியாது, சடங்கு பாதியில் நிற்கிறதே. அத்தனை உறவும் பசியோடு, பொங்கல் ஆறி இறுகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தங்கராஜ் ஒரு மூலையில், காளியண்ணன் எதிர் மூலையில். ரெண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றால் முடி கருகும் போலிருந்தது. ராசம்மாள் மட்டும் புருசனிடம் போய்க் குனிந்து, வழியெல்லாம் எடது எடதுன்னு கத்துனீங்களே, எடதப் பெரியண்ணனுக்குக் குடுத்துட்டாங்க பாருங்க என்றாள். அவன் முறைத்தான்.

பன்னிரண்டு அடித்ததும் பாயில் உட்கார்ந்தான். கிச்சம்மாவைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்கள். அவளுக்கு இவன் யாரென்றே தெரியாது. ஆனால் ஊசி என்றால் என்னவென்று இப்போது நன்றாகத் தெரியும். வில்லாக வளைந்தாள், உதைத்தாள், ஆசாரி குத்துகிற நேரம் பார்த்துத் தலையைச் சிலுப்பினாள். ஊசி நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டது. வலியில் மாமனின் கட்டைவிரலைக் கவ்விப் பிடித்துக் கடித்தாள். தாத்தன் வம்சமாயிற்றே, பல் நன்றாகவே இறங்கியது. காளியண்ணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“கடி கண்ணு, நல்லாக் கடி. உங்கொப்பனுக்கும் சேத்துக் கடி.”

தங்கராஜும் விடவில்லை. தோடு இரண்டையும் ஆசாரி போட்டு முடித்ததும், ‘ஒத்தக்காது மாமனுக்கு ஒரு எலை போடுங்கப்பா’ என்று பந்திக்காரர்களுக்குக் குரல் கொடுத்தான். அந்தப் பேர் அன்று பொழுது சாய்வதற்குள் மஞ்சக்குட்டை வந்து சேர்ந்துவிட்டது. குகநேசனும் மனைவியும் பந்தியில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். இறங்கும்போது அவன் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், எஸ்டேட் முதலாளியின் காரில் அந்த மாதிரி வண்டி ஓட்டிப் பழகிய தங்கராஜ்தான் சேலம் வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. அந்த ஒரு விசயத்தில்தான் அன்றைக்குக் காளியண்ணனுக்குக் கொஞ்சம் திருப்தி.

இன்றைக்கும் கறுப்புப் பலகைக் கார் எதிரில் வந்தால் ஜீப்பை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, எடது என்று கத்திவிட்டுத்தான் நகர்வான். ஜீப்பில் இருக்கிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். தங்கராஜோடு பேச்சு உண்டு. ஆனால் அதெல்லாம் சண்டையாகத்தான் நடக்கும். போன தைப்பொங்கலுக்கு வரிசை கொண்டுபோனபோதும் ஒன்று நடந்தது. கிச்சம்மாவுக்கு ஜிமிக்கி போட்டுப் பார்த்தார்கள். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகத் தொங்கியது. வளர வளர நன்றாகத் தெரியும், பெண் குழந்தை, வலது காதைத் தூர்த்துவிட்டு மட்டம் பார்த்து மறுபடி குத்திவிடலாம் என்று தங்கராஜ் பேச்செடுத்தான்.

காளியண்ணன் குழந்தையைப் பிடித்து மடியில் இழுத்துக்கொண்டான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

“மேல இருக்கறது சரியாத்தான் இருக்குதுங்க மாப்ள. தப்பா எறக்கிக் குத்துனது அந்த எடது காது. திருத்தறதுன்னா அதைத் திருத்துங்க.”